நாய்க்கு எட்டாவது இடம்

கஞ்சிக்கு அந்தப் பேர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற அந்தச் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷமாகக் கஞ்சித் தொட்டியோடு மல்லுக்கட்டியவன் அவன்தான் என்பது ஒன்று. ஆளே கஞ்சி போட்டுக் காயவைத்த மாதிரி மொடமொடவென்று இருப்பான், குனியச் சொன்னால் முறிந்துபோவான் என்பது இன்னொன்று. வீட்டில் மனைவியிடம்கூட நாலு வார்த்தைதான். "சோறு போடு" இரண்டு, "விளக்கை அணை" இரண்டு. அன்றைய பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்டவன் பல்லைக் காட்டிச் சிரித்தது ஒரே ஒருத்தனிடம். அவன் பேர் விசில். தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நீராவி ரோலரில் அவனுக்கு வேலை. ஒரு முனையில் ஈரமாக நுழைகிற படுக்கை விரிப்பு மறுமுனையில் தாள் மாதிரி வரும். அந்த இரைச்சலுக்கு மேலே நாள் முழுக்க விசிலடிப்பான், அதனால் அந்தப் பேர். மத்தியானம் இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே டப்பா. விசிலுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சிக்குச் சோறு இறங்காது. "கட்டிக்கிட்டவளுக்கு ஒரு நாள் இப்படி உருகினதில்ல இந்த மனுஷன்" என்று மனைவி சொல்வாள். கஞ்சி மறுத்ததில்லை.

கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓய்வு பெறுகிறவனைப் பற்றி மற்றவர்கள் பேசக் கூடாது. ஒரு காலத்தில் பேசிப் பார்த்திருக்கிறார்கள். முதல்நாள் வரை வாய்க்கு வந்தபடி திட்டினவனெல்லாம் மறுநாள் எழுந்து தங்கம், வைரம் என்று புளுக, போகிறவனுக்கே குமட்டியிருக்கிறது. அதிலிருந்து, போகிறவனே பேச வேண்டும் என்று ஆயிற்று. பிறந்ததிலிருந்து தனக்குப் பிடித்தவை, நினைத்தால் நெஞ்சு குளிர்கிறவை, மொத்தம் பத்து. துணி எண்ணும் சீட்டின் பின்பக்கம் எழுதி, டீ குடித்தபின் வாசிக்க வேண்டும். நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது, பிறகு அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. அடுத்து ஓய்வு பெறப்போகிறவன் அந்தச் சீட்டை உடைமாற்றும் அறைச் சுவரில், முந்தினவன் சீட்டின் மேலேயே, கஞ்சி தடவி ஒட்டிவிடுவான். அவன் முறை வரும்வரை அது அங்கேதான். கிழிக்கக் கூடாது.

கஞ்சிக்கு மூன்று மாதம் முந்தி விசிலுக்கு நாள் வந்தது. அன்று கஞ்சி சட்டைக்கு இரண்டு முறை கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தான். தன் பேர் வரும், வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கும்போது மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அவன் கவலை.

விசில் வாசித்தான். முதல் சைக்கிள். மகள் முதல் பல்லால் விரலைக் கடித்தது. மனைவி சிரிக்கும்போது மூக்கு சுருங்குவது. நாலாவது ஏதோ மழை நாள். ஐந்தாவது முடிதிருத்துகிறவர் தலையில் தட்டுகிற தட்டு. ஆறு முடிந்ததும் கஞ்சி முதுகை நிமிர்த்தினான். ஏழு, சூடான விரிப்பின் வாசனை. சரி, கடைசிக்கு வைத்திருக்கிறான் போலிருக்கிறது.

"எட்டு. நம்ம கேட்டுல படுத்திருக்குமே, அந்தச் செவலை நாய். நான் வந்தா வாலாட்டும்."

ஒன்பது, பஸ்ஸில் ஜன்னலோர இடம். பத்து, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். கைதட்டினார்கள்.

வாசிப்பு முடிந்துவிட்டதால் ஸ்டோர்காரர் தைரியமாகவே சொன்னார்: "கஞ்சி, நீ நாலு காலோட பொறந்திருந்தா ஒரு எட்டாவது இடமாவது தேறியிருக்கும்யா."

கூடமே சிரித்தது. விசிலும் சிரித்தான். அடுத்து ஓய்வு பெறப்போகிறவன் கஞ்சி என்பதால், அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டியதும் அவன்தான்.

மறுநாள் சாயங்காலம் கஞ்சி, விசில் வீட்டுத் தெருமுனையில் போய் நின்றான். கேட்கக் கூடாது என்கிற விதியை அந்தக் கூடத்தில் முதன்முதலில் உடைத்தது, விதி என்றால் உயிரை விடுகிற கஞ்சிதான்.

"ஏன்டா?"

விசிலுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் செருப்பால் தரையைத் தேய்த்தான்.

"உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு அந்த நாள்தான்டா ஞாபகம் வருது. ஒரே டப்பாவுல சாப்பிட்டேன், சிரிச்சேன், எல்லாம் சரி. உள்ளுக்குள்ள பத்தொம்பது வருஷமா எனக்கு அந்த ரோலர் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. பிடிச்சதுன்னு உன்னை எப்படி எழுதுவேன்? இனிமே உன்னைத் தினம் பாக்க வேண்டாம்னு நெனச்சா, சத்தியமா சொல்றேன், நிம்மதியா இருக்குடா."

அந்த நாள் எது என்று சொல்லிவிடலாம். ரோலரின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் ரோலர் நின்றுவிடும். துணி பட்டாலும் நிற்கும் என்பதால் எரிச்சலாகி, விசில் ஒரு கிழிந்த விரிப்பின் நாடாவால் அதைத் தூக்கிக் கட்டிவிட்டான். அன்று ரோலரில் துணி கொடுத்துக்கொண்டிருந்த இளையவன் ஒருவனின் இடது கை உள்ளே போயிற்று. கம்பி கட்டிக் கிடந்ததால் ரோலர் நிற்கவில்லை. இரண்டு விரல் முழுதாகவும் ஒன்று பாதியாகவும் போன பிறகுதான் யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார்கள். விசிலுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போது கஞ்சி முன்னால் வந்து, "நான்தான் கட்டினேன்" என்றான். ஒரு மாதம் சஸ்பெண்டு, மேற்பார்வையாளர் ஆகும் வாய்ப்பு அத்தோடு சரி. விரல் போனவனைத் துண்டு மடிக்கிற மேசையில் போட்டார்கள். மிச்சம் இருந்த விரலை எண்ணி அவனுக்கு ஏழரை என்று பேர் வைத்தது விசில். முதலில் சிரித்தது கஞ்சி.

தெருமுனையிலிருந்து திரும்பிய கஞ்சி, மறுநாள் லாக்கரைத் திறந்து, இரண்டு வருஷம் முந்தியே எழுதி வைத்திருந்த தன் சீட்டை எடுத்தான். விசில் வந்த இடத்தையெல்லாம் அடித்தான். அடிக்க அடிக்கப் பத்தில் ஏழு போயிற்று. அதில் நாலாவது, இரண்டு குடும்பமாக ஏரிக்குப் போய்ப் படகில் நனைந்த நாள். அதையும் அடித்தான். காலி இடத்தில் கைக்கு அகப்பட்டதை எழுதினான். தொட்டி, கஞ்சி கிளறுகிற துடுப்பு, லாக்கர் பூட்டு, சீவிய பென்சில். முதல் இடத்தை மட்டும் விட்டுவைத்தான். அதற்கு மூன்று மாதம் யோசித்தான்.

அவன் நாள் வந்தது. ஓய்வு பெற்றவர்களும் டீக்கு வருவார்கள். விசிலும் கேக் டப்பாவோடு வந்திருந்தான். கஞ்சியின் மனைவி நல்ல உடுப்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தாள். வீட்டில் நாலு வார்த்தை பேசுகிறவன் எழுத்திலாவது தன்னைச் சொல்வான் என்று வந்திருந்தாள்.

கஞ்சி எழுந்தான்.

"ஒன்று. பத்தொன்பது வருஷம் முந்தி ரோலரில் ஒரு கை போயிற்று. தடுப்புக் கம்பியைக் கட்டினது விசில். நான் கட்டினேன் என்று சொன்னது நான். அன்று சாயங்காலம் விசில் என் வீட்டுக்கு வந்து, என் மடியில் விழுந்து, 'நீ என் கூடப் பிறந்தவன்' என்று அழுதான். எனக்காக யாரும் அப்படி அழுததில்லை. என் வாழ்நாளில் எனக்குப் பிடித்த நாள் அதுதான்."

விசில் உதட்டைக் குவித்தான், காற்றுதான் வந்தது. நடுவில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மிச்சம் ஒன்பதையும் கஞ்சி ஒவ்வொன்றாக, துணி எண்ணுகிற மாதிரி நிதானமாக வாசித்தான். அவ்வளவு நேரமும் விசில் கேக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது கஞ்சிக்கு. பத்தும் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

துண்டு மடிக்கிற மேசையிலிருந்து ஏழரை எழுந்து வந்தான். பத்தொன்பது வருஷமாகக் கஞ்சியிடம் ஒரு வார்த்தை பேசாதவன்.

"அண்ணே" என்றான். "நாடா கட்டினது யாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் பக்கத்துலதான நின்னேன்? ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் சொன்னேன். 'கட்டினவனே ஒத்துக்கிட்டான், இவன் மயக்கத்துல உளறுறான்'னு என் வாயை அடச்சிட்டாங்க. விசிலண்ணன் பயந்தாங்கொள்ளி, அது தெரிஞ்ச கதை. நீங்க நேர்மையான ஆளாச்சே, இன்னிக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு நான் பாத்துக்கிட்டே துண்டு மடிச்சேன். இப்பதான தெரியுது. என் விரல் போன நாள்தான் உங்களுக்குப் பிடிச்ச நாளாம்ல."

"தம்பி, நான் அதை..." என்று கஞ்சி ஆரம்பித்தான்.

"விடுங்க. வாசிச்சதைப் பத்திக் கேக்கக் கூடாது, நானும் கேக்கல. சீட்டைக் குடுங்க. அடுத்தது நான்தான்."

விசில் அதற்குள் கேக்கை வெட்டாமலே எழுந்து கதவுப்பக்கம் நகர்ந்தான். ஏழரை திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுத்தான்: "இருங்க விசிலண்ணே, ஒட்டுறதைப் பாத்துட்டுப் போங்க." விசில் நின்றான். நிற்காமல் என்ன செய்வான், அத்தனை பேரும் வழியில் நின்றார்கள்.

கஞ்சியின் தொட்டியிலிருந்தே ஒரு கை அள்ளி, விசிலின் சீட்டுக்கு மேல் கஞ்சியின் சீட்டை வைத்து, மிச்சம் இருந்த இரண்டரை விரலால் ஏழரை நீவி ஒட்டினான். ஒரு சுருக்கம் இல்லை. ஓரத்தைக்கூட விடாமல் அழுத்தினான். நாய் பிடித்த எட்டாவது இடம் மறைந்தது.

"எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்றான், கையைத் துடைத்துக்கொண்டே. "பத்து எழுதணுமே, நமக்கு அப்படி என்ன இருக்குன்னு ரொம்ப நாளா யோசிப்பேன். இன்னிக்கு உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்தேன். ஒண்ணாவது இடம் ரொம்பிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் வந்து கேக்கணும்."

அவன் மேசைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து துண்டு மடிக்க ஆரம்பித்தான். விசில் போனதைக் கஞ்சி பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தபின் உடைமாற்றும் அறையில் மனைவி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து பத்து வரை விரலை வைத்து வாசித்தாள். மறுபடி பத்திலிருந்து மேலே போனாள். நாலாவது இடத்தில், அடித்த கோட்டுக்கு அடியில் தெரிந்த எழுத்தில் விரல் நின்றது.

"ஏரிக்குப் போனோமே" என்றாள்.

"அதுல விசில் இருந்தான்" என்றான் கஞ்சி.

"நானும்தான் இருந்தேன்."

நாலாவது இடத்தில் இப்போது லாக்கர் பூட்டு இருந்தது. அந்தப் பூட்டையும் அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். கஞ்சி அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டு, அவனுக்காக நிற்காமல் கேட்டைத் தாண்டினாள். செவலை நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்னால் வந்தது கஞ்சி என்று தெரிந்ததும் தலையைத் திரும்பக் கீழே வைத்துக்கொண்டது.