வலப்பக்கத்துச் சலாம்

என் அக்காள் கணவருக்கு ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு கட்டையை வைப்பார்களே, நடுவில் குமிழி ஓடுமே, அதுதான் ரசமட்டம். அத்தானும் கொத்தனார்தான். ஆனால் பெயர் தொழிலால் வந்ததல்ல. சாப்பிட்ட தட்டு மேசையில் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட அதை நேராக்கிவிட்டுத்தான் கை கழுவப் போவார். அக்காள் இந்த மனிதரோடு இருபத்தெட்டு வருஷம் எப்படிக் காலம் தள்ளினாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எங்கள் பள்ளிவாசலுக்குத் தரைக்கல் பதித்தவர் அவர். தொழுகைக்கு வரிசை நிற்க வேண்டிய இடங்களில் கறுப்புக் கல்லில் கோடு போட்டதும் அவர்தான். தொழுகை தொடங்குமுன் வரிசையைச் சரிசெய்யுங்கள், இடைவெளி விடாதீர்கள் என்று இமாம் சொல்வார். அவரை நாங்கள் ஹஸ்ரத் என்போம். அவர் வாயைத் திறக்குமுன்பே அத்தான் குனிந்து குதிகால்களைப் பார்த்துக்கொண்டு போவார். கடை முதலாளியின் குதிகாலும் அவரிடம் மூட்டை தூக்குகிறவரின் குதிகாலும் ஒரே கோட்டில் வந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். “மார்க்கத்தோட அஸ்திவாரமே இங்கதான் மச்சான் இருக்கு. யாரும் முன்னாடி இல்ல, யாரும் பின்னாடி இல்ல,” என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இவ்வளவு சொன்ன மனிதர் கூடப் பிறந்த தம்பியோடு ஏழு வருஷம் பேசவில்லை.

காரணம் அவர்களைப் பெற்ற உம்மாவின் அடக்கம். தம்பி வயர்மேன், வெளியூரில் ஒரு கட்டட வேலையில் இருந்தார். உம்மா காலையில் மௌத்தானார். மையத்தை, இறந்த உடலை, வைத்துத் தாமதிக்கக் கூடாது, சீக்கிரம் அடக்கிவிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அத்தானுக்குச் சட்டம் என்றால் சட்டம். தம்பி வந்துகொண்டிருக்கிறார், இரண்டு மணி நேரம் பொறுப்போம் என்று ஹஸ்ரத்தே சொல்லிப் பார்த்தார். அத்தான் மசியவில்லை. நான் தையல்காரன், மையத்தைப் போர்த்தும் கபன் துணியை அளந்து கிழித்தது நான். அந்தத் துணிக்கு ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், கிழித்தால் போதும். தம்பி வரட்டும் என்று நானாவது சொல்லியிருக்கலாம். கிழித்துக் கொடுத்துவிட்டேன். தம்பி வந்து சேர்ந்தபோது மண் மூடிய கபர் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

“உம்மா முகத்தக்கூடப் பாக்க விடலியே அண்ணே. ஒனக்குப் பாசமே கெடையாது, சட்டம்தான்,” என்றார் தம்பி. அத்தனை பேர் முன்னால் சொன்னார். அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. சட்டத்தைக் காப்பாற்றியவனுக்கு இதுதான் மரியாதையா என்று அன்றைக்கு மூடிய வாய்தான். வீதியில் எதிரே வந்து தம்பி சலாம் சொன்னால் பதில் வராது. மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாமலிருக்கக் கூடாது என்பதும் அதே மார்க்கத்தில் உள்ள சட்டம்தான். அந்தக் கோடு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பயானில், பள்ளிவாசல் சொற்பொழிவில், ஹஸ்ரத் இன்னொன்று சொன்னார். தொழுகையை முடிக்கும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பிச் சலாம் சொல்கிறோமே, அது வானவர்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்துத்தான், அதை மனசில் நினைத்துச் சொல்லுங்கள் என்றார். அடுத்த தொழுகையிலேயே தம்பி வந்து அத்தானின் வலப்பக்கம் நின்றார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான். அத்தான் தப்பிக்க வலது ஓரச் சுவரை ஒட்டிப் போய் நின்றார். தம்பி இடப்பக்கம் வந்து நின்றுகொண்டார். இரண்டு பக்கமும் சலாம் சொன்னால்தானே தொழுகை முடியும், எங்கே ஓடுவது? நான்கு நாள் கழித்து அத்தான் சலித்துப்போய்ப் பழைய இடத்துக்கே திரும்பினார், தம்பியும் வலப்பக்கத்துக்குத் திரும்பினார். கடைசி வரிசையிலிருந்து பார்த்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். “ஒங்க தம்பி வேணும்னே சீண்டுறாரு அத்தான்,” என்று அன்றைக்கே போட்டுக்கொடுத்தேன். என் நாக்கில் சனி. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது நான்தான் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

போன வருஷம் தம்பிக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். முதலில் நின்று தொழுதார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து. அப்போதும் அண்ணனின் வலப்பக்கம்தான். ஒருநாள் நாற்காலி கோட்டை விட்டு முன்னே தள்ளிக் கிடந்தது. அத்தான் குனிந்து, தம்பி உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியின் பின்காலைப் பிடித்து மெதுவாகக் கோட்டுக்கு இழுத்துவைத்தார். தம்பியின் கை அண்ணனின் தோளில் ஊன்றியது. அத்தான் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் நிமிர்ந்து முகத்தையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் தம்பி பள்ளிக்கு வரவில்லை.

நான் அத்தானிடம் போய், போதும், போய்ப் பாருங்கள், நோயாளியைப் பார்ப்பது கடமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்று கத்தினேன். அவர் கரணையில் ஒட்டியிருந்த கலவையை முழுக்க வழித்து முடித்தார். அப்புறம் சொன்னார். “வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக முடிச்சிட்டுப் போறேன் மச்சான். வெறும் ஆளா போகக் கூடாது. சலாம் சொல்லிட்டு, செஞ்ச தப்புக்கு மாப்பு கேட்டுட்டு, அப்புறம்தான் உக்காரணும்.” எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. இப்போதே போங்கள் என்று சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பகலில் அத்தான் ஒரு புதுவீட்டுக் குளியலறையில் கல் பதித்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் அறிவிப்பு வந்தது. இறந்தவரை யார் என்று அடையாளம் காட்ட உறவையும் சேர்த்துச் சொல்வார்கள். “கொத்தனாரின் தம்பி” என்று சொன்னார்கள். ஏழு வருஷமாக யாரும் அவர் முன்னால் அப்படிச் சொன்னதில்லை. கையிலிருந்த கல்லைக் கோணலாகவே வைத்துவிட்டு எழுந்தார் என்று கூட வேலை செய்தவர் சொன்னார்.

மூத்தவர் என்பதால் அடக்கம் எப்போது என்று அவரைத்தான் கேட்டார்கள். தம்பியின் மகள் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். எல்லோரும் அத்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

“புள்ள வரட்டும்,” என்றார்.

மையத்தின் தலைமாட்டில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூன்று மணி நேரம் நின்றார். மகள் வந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்து அழுது தீர்த்த பிறகு இவர் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

“பெரியவாப்பா, தெனம் ராத்திரி போன்ல வாப்பா இதத்தான் சொல்வாங்க. ‘இன்னிக்கும் அண்ணன் அஞ்சு தடவ எனக்கு சலாம் சொன்னாரு. எம் மேல கோபம் இருந்தா சொல்வாரா?’ன்னு. பள்ளிக்குப் போக முடியாமப் போனதுலேருந்து, ‘இன்னிக்கு சலாம் கெடைக்கலம்மா’ன்னு அழுவாங்க.”

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மனசில் அந்தச் சலாம் வானவர்களுக்கு மட்டும்தான் போயிருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணிடம் அதை யார் சொல்வது?

மறுநாள் ஜும்ஆ. போவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை. அத்தான் வழக்கமான இடத்தில் நின்றார். வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. தெரிந்தவர்கள் யாரும் அங்கே போகவில்லை. இடைவெளி விடாதீர்கள் என்று ஹஸ்ரத் சொன்னார். நான் போய் நின்றேன்.

தொழுகை முடிவில் எல்லோரும் வலப்பக்கம் திரும்பிச் சலாம் சொன்னோம். பிறகு எல்லோரும் இடப்பக்கம் திரும்பினோம். நான் இடப்பக்கம் திரும்பியபோது அத்தான் திரும்பாமல் இன்னும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முகமும் நேருக்கு நேர். ஒரு முழம்கூட இருக்காது. அவர் தாடி நனைந்திருந்தது.

இத்தனை வருஷத்தில் அண்ணன் தம்பிக்குள் இது ஒருமுறைகூட நடக்கவில்லை. அண்ணன் வலப்பக்கம் திரும்பும்போது தம்பியும் வலப்பக்கம் திரும்பியிருப்பார். தம்பி இடப்பக்கம் திரும்பும்போது அண்ணனும் இடப்பக்கம் திரும்பியிருப்பார். இருவரும் ஒருவர் பிடரியைத்தான் மற்றவர் பார்த்திருக்கிறார்கள்.

வரிசை கலைந்தது. ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். அத்தான் என் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் தாமதிச்சிருந்தா போதும் மச்சான்,” என்றார். “அவன் முகத்தப் பாத்திருப்பேன்.”