டிவி சத்தமும் என் வலது காதும்

கதவைத் தட்டியது கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி. "அங்கிள், டிவி குவாட் சங்காட் லா!" என்றார் மலாயில். சத்தம் அதிகமாம். எனக்கு வந்ததே கோபம். துறைமுகத்து கிரேன் இரைச்சலில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். என்னிடம் வந்து சத்தத்தைப் பற்றிப் பேசுகிறாரே! ஆனாலும் உடனே போய்விடாமல் வாசலில் பத்து நிமிடம் நின்றார். பழுதான லிஃப்ட், முழங்கால் வலி, மீன் விலை என்று போனது பேச்சு. அப்படி நின்று என்னிடம் யாரும் பேசி வெகுநாளாயிற்று. அதில் பாதி என் காதில் விழவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வலது காது அடைத்திருந்தது. என் குரல் மட்டும் மண்டைக்குள் முழங்கியது. கொட்டாவி விட்டேன், எச்சில் விழுங்கினேன், மூக்கைப் பொத்தி ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்தார்.

"அங்கிள், காட்டன் பட் போடுவீங்களா?"

"தினமும். குளிச்ச உடனே." பெருமையாகச் சொன்னேன்.

"அதான் லா. அழுக்க வெளிய எடுக்கல, உள்ள தள்ளி அடைச்சு வச்சிருக்கீங்க. எத்தனை நாளா இப்படி?"

நாள் கணக்கு எனக்கே தெரியாது. மனைவி இருந்தவரை டிவி சத்தம் கொஞ்சம் ஏறினாலும் "காது என்ன செவிடா?" என்று சமையலறையிலிருந்தே கத்துவாள். அவள் போய் இரண்டு வருஷம். கோலாலம்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் எழுதுவதோடு சரி.

"வீட்ல யாரும் சொல்லலையா, அங்கிள்?"

"வீட்ல யாரும் இல்லப்பா."

அவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் விட்டுப் போனதும் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சினார். கறுப்பாக ஒரு கட்டி கிண்ணத்தில் விழுந்தது. சட்டென்று எல்லாம் கேட்டது. அவருடைய பேனா காகிதத்தில் உரசுவதுகூடக் கேட்டது.

"இனிமே காட்டன் பட் பக்கமே போகாதீங்க" என்று அனுப்பி வைத்தார்.

இப்போது டிவியைப் பன்னிரண்டில் வைத்தாலே போதும். சுவர்க்கடிகாரமும் ஐஸ்பெட்டியும்கூடத் தெளிவாகக் கேட்டன. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. ஒரு மனிதக் குரலுக்கு இப்படி ஏங்குவேன் என்று நினைத்ததில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு, இரண்டு கோப்பையில் தேநீர் கலந்து வைத்தேன். டிவியை நாற்பதுக்கு ஏற்றினேன். காது வலித்தது. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.