கவர் டீயும் பட்டுப்பாவாடையும்

எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது. விடிவதற்கு முன்பே அம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவாள். அப்பா துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்துவிடுவார். ஆகவே கல்மண்டபம் கடையில் கொதிக்கக் கொதிக்க டீயும் சாம்பாரும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கி வருவது என் வேலை. கவரின் மூலையைக் கடித்து டீயை அப்படியே உறிஞ்சுவதில் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எட்டு வயதில் ஒருநாள், என்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மா திகைத்துப்போனாள். மறுநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். உடம்பு வயதை முந்துகிறது, சீக்கிரமே பூப்படைந்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அதைத் தள்ளிப்போட ஊசி போட வரச் சொன்னார். சூடு பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து என்னென்னவோ இறங்கும், அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் நிறுத்திவிடுங்கள் என்றார். அந்த 'ஆனாலும்' அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பா, பாட்டில், தட்டு எல்லாம் அன்றைக்கே வெளியே போயின. என் கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு வந்தது. முதல் நாள் அம்மாவே கூட வந்தாள்.

"இன்னாக்கா, கவர்ல கட்டிக் குடுத்தா கொயந்த ஈஸியா எட்துகினு போவும்ல?" என்றார் கடைக்காரர்.

"கொயந்த கொயந்தயாவே இருக்கணும்னுதான் தூக்கு. ஊத்து நைனா."

கூட்டாளிகள் எனக்குத் 'தூக்கு' என்றே பேர் வைத்தார்கள். அவமானத்தில் அழுதேன். அம்மா அசையவில்லை.

அப்பாவின் தங்கைக்கோ ஒரே சந்தோஷம். மஞ்சள் நீராட்டுக்குப் பட்டுப்பாவாடை, மேடை, ராணி உட்காரும் நாற்காலி எல்லாம் தன் செலவு என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்.

"பால் பல்லே இன்னும் வுய்ந்து முடில அவளுக்கு. அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?" என்று அம்மா சீறினாள். அத்தை அப்புறம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பட்டுப்பாவாடை கைநழுவிப் போகிறதே என்று நான் அம்மாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமைதோறும் ராயபுரம் மாதா கோயிலுக்கு அம்மா என்னைக் கூட்டிப் போவாள். மெழுகுவர்த்தி ஏற்றி இருவரும் முழங்காலில் நிற்போம். சீக்கிரம் வயதுக்கு வரவேண்டும், அந்த நாற்காலியில் உட்காரவேண்டும் என்று மாதாவிடம் கண்ணை இறுக்கி மூடிக் கேட்பேன். பதினொரு வயது முடியும் வரை அது நடக்கவில்லை. ஊசியாலா, தூக்காலா, யாருக்குத் தெரியும். அத்தனை வருடமும் எனக்கு மாதாவின்மேல் கடுங்கோபம். பக்கத்தில் முழங்காலில் நின்றவளும் அதே மாதாவிடம்தான் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.