திரேசா அக்காவுக்காகத் தாழ்த்திய கார்

போன வாரம் பாக்கார் ஆராங் கடைத்தெருவில் ஒரு பழைய கார் என்னைக் கடந்து போனது. கோடோக், அதாவது தவளை என்று மலாய்க்காரர்கள் செல்லமாகச் சொல்வார்களே, அந்த முதுகு உருண்ட கார். உயரத்தைக் குறைத்துத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான், அதை ஓட்டிவந்த பையன். சாலை மேட்டில் அடிவயிறு உரசிய சத்தம் கேட்டுக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது விட்டுப்போன சூடான எண்ணெய் வாடை இருக்கிறதே, அது என்னை எழுபதுகளின் கடைசிக்கு இழுத்துப்போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆரோக்கியம் அண்ணன் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவரிடமும் அதே கார். தண்ணீரே ஊற்றாமல் காற்றிலேயே ஆறுகிற எஞ்சின் என்று அவருக்கு அதில் அப்படியொரு பெருமை. அவர் மனைவி திரேசா அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் தூக்க வராமல் போயிற்று. காரில் ஏற முடியவில்லை. தூக்கி உட்காரவைத்தால் அழுதுவிடுவார்.

"ஒனக்குக் காலு ஒசரலன்னா கார எறக்கிட்டுப் போறேன்," என்றார் அண்ணன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வாசலில் ஜாக்கி வைத்தார். முன்பக்கம் எப்படியோ இறங்கிவிட்டது. பின்பக்கம்தான் பாடாய்ப்படுத்தியது. அதற்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பாரம் ஏறினால் முறுகிக்கொடுக்கும் இரும்புத் தண்டுதான். அதை உருவி, அதன் முனையிலுள்ள பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டவேண்டும். ஸ்பானர் எடுத்துக்கொடுத்த எனக்கும் பெரிய மெக்கானிக் என்ற நினைப்பு. இடப்பக்கம் ஒரு பல் கூடிப்போய்க் கார் சாய்ந்து நின்றது.

"என்ன மாரியே நிக்கிது பாருங்க," என்று அக்கா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி கழற்றிச் சமமாக மாட்டினார்.

பக்கத்து வீட்டுப் பையன்கள், "அண்ணே, ஸ்டைலா இருக்குலா!" என்றார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் விட்டுவிட்டார்.

அக்கா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். "லூனாஸுக்கு வுடுங்க. அம்மா வூட்டுக்குப் போவணும்."

நானும் கூடப் போனேன். ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரித் தடங்களுக்கு நடுவே மண் மேடிட்டிருந்தது. கார் வயிறு தட்டி நின்றுவிட்டது. அம்மா வீடு இருந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. அண்ணன் அக்காவைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தார்.

"வேணாங்க. நான் ஓடித் திரிஞ்ச எடம். அங்க என்னத் தூக்கிட்டுப் போவாதீங்க."

நான் ஓடிப்போய் அவர் அம்மாவை அழைத்து வந்தேன். அந்த அம்மா மெல்ல நடந்துவந்து, ஓட்டுகிறவர் இடத்தில் சிரமமில்லாமல் ஏறி, மகள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏற எறங்க சொகமா இருக்குய்யா," என்று மருமகனை மெச்சினார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரை மறுபடி உயர்த்திவிட்டால் அக்காவால் ஏற முடியாது. இப்படியே விட்டால் கார் அம்மா வீடு போய்ச் சேராது. காரைப் பின்னால் தள்ளி மீட்டுத் திரும்பும் வழியெல்லாம் அண்ணன் இதையே புலம்பிக்கொண்டு வந்தார். ஒரு முடிவுக்கு வருமுன்பே, அந்த மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. தாமான் என்று சொல்லும் புதுக் குடியிருப்பின் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சாலை தார் போட்டு வழவழவென்று கிடக்கிறது. எவ்வளவு தாழ்ந்த காரும் வாசல்வரை போகும். அக்கா இறங்க நினைத்த வாசல்தான் இல்லை.