பௌசியா மிஸ்ஸின் முதல் பாடம்

இன்றைக்கு டவுன் பாமசிக் கவுண்டரில் ஒரு சின்னப் பெண் என்னை மடக்கிவிட்டாள்.

பிரஷர் குளிசையைத் தந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நான் சொன்னதை விடுங்கோ. வீட்ட போய் எப்பிடிப் போடுவீங்கள்? நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

அது என்னுடைய கேள்வி.

(சிரிக்காதீங்கோ, சொல்கிறேன்.)

எழுபதுகளின் கடைசி. திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நானும் பௌசியாவும் மருந்தாளர்கள். நான் நிலாவெளியில் கரைவலை இழுக்கும் மீனவரின் மகள், வீட்டில் முதல் பட்டதாரி. அவள் கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வருவாள்.

அவளுக்கு வாய் உண்டு. எனக்கு இல்லை.

அந்த நாளில் மருந்துத் தண்ணிக்கு நோயாளிகளே வீட்டிலிருந்து போத்தில் கொண்டுவருவார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல்லுப் பல்லாக வெட்டிய கடதாசியைப் போத்திலில் ஒட்டிக் கொடுப்போம்.

பௌசியா உரத்து விளக்குவாள். எனக்குக் கூட்டத்துக்கு முன்னால் குரல் வராது. அதனால் போத்திலைக் கையில் கொடுத்து, "எதுமட்டும் குடிப்பீங்கள்? விரல் வைச்சுக் காட்டுங்கோ" என்று மட்டும் கேட்பேன்.

பாதிப் பேர் அடிப்பல்லில் விரல் வைப்பார்கள். முழுப் போத்திலும் ஒரே மூச்சில்! பிடித்துத் திருத்துவேன்.

பிறகு மருந்தாளர் உயர்பயிற்சிக்கு மணிலாவில் ஓர் இடம் வந்தது. ஒரே ஓர் இடம். நேர்முகத்தில் நான் நிலத்தைப் பார்த்தேன். பௌசியா கதைத்தாள்.

பௌசியா போனாள்.

பொறாமையா? ஓம். அவள் அனுப்பின படத் தபாலட்டையை மேசை லாச்சியில் கவிழ்த்து வைத்தேன். அங்கத்தைச் சாப்பாடு அவளுக்குப் பிடிக்கக் கூடாது என்று நேர்த்திகூட வைத்தேன். (பிடித்திருந்தது. கன்னம் உப்பித்தான் வந்தாள்.)

வந்ததும் எங்களுக்கெல்லாம் அவள்தான் வகுப்பு. எங்களைப் போன்ற நாடுகளுக்கென்று புதிதாக எழுதிய பாடமாம். கரும்பலகையில் முதல் பாடத்தை எழுதினாள்: நோயாளியையே செய்து காட்டச் சொல்.

கடைசி வாங்கில் இருந்த எனக்குக் காது சுட்டது.

தேத்தண்ணி நேரம் பிடித்துக் கேட்டேன். "பௌசியா, இது ஆருடைய பழக்கம்?"

"உன்டதான் புள்ள. உங்கட கவுண்டர்ல என்ன செய்யிற எண்டு ஒவ்வொரு நாட்டு ஆக்களிட்டயும் கேட்டாங்க. உன்ட விரல் கதையச் சொன்னன். பாடத்திலயே போட்டுட்டாங்க."

"என்ட பேரைச் சொன்னியோ?"

"எங்கட கவுண்டர்ல எண்டு சொன்னன்." தேத்தண்ணியை ஊதினாள். "நீயும் அதுக்குள்ள தானே நிக்கிற?"

பின்னேரம் செய்முறைச் சோதனை. நோயாளியாக நடிப்பதும் அவள்தான், புள்ளி போடுவதும் அவள்தான். வேண்டுமென்றே அடிப்பல்லில் விரல் வைத்தாள். திருத்தினேன்.

எனக்கு 'நன்று'. மூதூரிலிருந்து வகுப்புக்கு வந்தவருக்கு 'மிக நன்று'.

"ஏன்?" என்றேன்.

"குரல் கேக்கல்ல புள்ள."

இனி இன்றைய கதை. அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்டேன். "இதை எங்க படிச்சனீங்கள் பிள்ளை?"

"எங்களுக்குப் படிப்பிச்ச சேர் சொன்னவர் அம்மா. இஞ்ச பௌசியா மிஸ் எண்டு ஒராள் தொடங்கினதாம்."

வாயைத் திறந்தேன். பின்னால் நீண்ட கியூ. "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு" என்று மட்டும் ஒப்புவித்தேன்.

"மிச்சம் நல்லாச் சொன்னீங்கள் அம்மா" என்றாள். (கடைசியில் எனக்கும் 'மிக நன்று'.)

பௌசியா, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். லைக் போட்டுத் தப்ப ஏலாது. கீழே கொமெண்டில் வந்து, அந்தக் கேள்வி ஆருடையது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லு.

குரல் இருக்கிறது உனக்குத்தானே?