நன்னாரி ஐஸ் வைத்த பாத்திஹா

நன்னாரி ஐஸ் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. திருச்சியில் கிடைக்காதாமே, மதராஸில் கேட்டால் முழிக்கிறார்களாமே என்று எச்சில் ஊறக் கேட்கிறார்கள். கிடைக்காவிட்டால் போகட்டும். அதன் வாளிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் இறங்கிப் போனது. இன்றைக்கும் கையைத் தலைக்குமேல் தூக்கித் துணி காயப்போட முடியாது. ருசியைத் தின்றவர்களிடம் கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் தெற்குவாசல் பக்கம் சின்னதாக ஒரு ஐஸ் கடை வைத்திருந்தார். கடையில் நிற்பது அவர், வீட்டில் சுற்றுவது நான். அழகர்மலையிலிருந்து வரும் நன்னாரி வேரை இடித்து ஊறவைத்துப் பாகு காய்ச்ச வேண்டும். பாலைச் சுண்டவைத்து, ஆறியபின் பாகைச் சேர்த்துத் தகரக் குவளையில் ஊற்றி, குவளையை மரவாளிக்குள் இறக்க வேண்டும். சுற்றிலும் ஐஸ்கட்டியை உடைத்துப் போட்டுக் கல்லுப்பைத் தூவிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தால், பால் இறுகும்வரை நிறுத்தக் கூடாது. முதலில் லேசாகத்தான் சுற்றும். இறுக இறுகத்தான் உயிர் போகும். உப்புத் தண்ணீர் தெறித்து விரல் வெடிப்பெல்லாம் எரியும். சித்திரை வெயிலுக்கு ஊரே ஐஸ் தின்னும்போது நான் அடுப்படியில் வேர்வையில் குளித்துக்கொண்டிருப்பேன்.

இத்தனைக்கும் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்கு அது பிடிக்காது. ரோஜா ஐஸ் கேட்பார்கள், ஏலக்காய் ஐஸ் கேட்பார்கள். நன்னாரி என்றால் மருந்து வாடை என்பார்கள். என்னைப் பெற்ற அத்தா எங்களோடுதான் இருந்தார். அவருக்கு அறவே ஆகாது. "கசாயத்தக் கட்டியாக்கித் தாரியேம்மா" என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிடுவார்.

அதற்கென்றே உயிரை விட்டவள் ஒருத்திதான், என் தம்பியின் பெண்டாட்டி. அடுத்த தெருவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டில் என் கையிலிருந்து கைப்பிடியைப் பிடுங்கி, "நகருங்க மதினி, கொஞ்சம் உக்காருங்க" என்று சொன்ன ஒரே ஆள். ஐஸ் இறுகுவதற்குள் குவளையைத் திறந்து உள்ளே சுழலும் துடுப்பில் ஒட்டியதை வழித்துத் தின்பாள்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலயாக்கும்?" என்பேன்.

"ஆறிப்போனதத்தான மதினி திங்கிறேன்" என்பாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

தம்பிக்கு ரங்கூனில் துணிக்கடையில் வேலை. கல்யாணமான மறுவருஷம் அவளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினான். புறப்படும்போது என் காதில், "ரங்கூன்ல எல்லாம் கெடைக்கும்ங்கிறாக. இது கெடைக்குமா மதினி?" என்றாள். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். அத்தா மவுத்தாகி அடக்கம் செய்தபோதுகூட அவர்களால் வர முடியவில்லை.

பிறகு சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது என்றார்கள். கப்பல் கிடைக்காத சனமெல்லாம் காட்டு வழியாக நடந்து வருகிறது என்றார்கள். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் மத்தியானம் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான். யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்து, சோறு போடச் சட்டியைத் தூக்கிவிட்டேன். "அக்கா" என்றபோதுதான் தெரிந்தது.

தனியாக வந்திருந்தான். சேதி கேட்டு அவன் மாமியார் முக்காடு நழுவ ஓடிவந்தார். "எம் மக எங்க மாப்ள?"

தம்பி சுவரைப் பார்த்தான். "பின்னால வாரா மாமி" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா. தினமும் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, "வண்டி பாத்துட்டு வாரேன்" என்று ரயிலடிக்குப் போவார். திரும்பும்போது எங்கள் வீட்டில் ஏறி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னைக்கும் வரல மாப்ள" என்பார். தம்பி தலையை ஆட்டுவான். மகளுக்கென்று ஒரு சேலையை மடித்து வேறு வைத்திருந்தார். நான் ஒருமுறை தம்பியைத் தனியாகப் பிடித்து, "நெசத்தச் சொல்லுடா" என்றேன். அதே சுவர், அதே பதில். எனக்குச் சலித்துப் போயிற்று. சீனியும் கிடைக்கவில்லை, கடை பாதிநாள் மூடிக் கிடந்தது, வீட்டில் ஒருவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான், ஒரு கிழவி வெயிலில் நடந்துகொண்டிருந்தார். யாராவது வாய்விட்டு அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது.

அத்தாவின் வருஷ பாத்திஹா வந்தது. எங்கள் வழக்கத்தில், இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து, வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்துத்தான் ஓதுவோம். அத்தாவுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓத வருவார் என்று நான் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் மரவாளி உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தம்பி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கடைக்கு இன்னைக்கு ஐஸ் வேணாம்டா."

"கடைக்கு இல்லக்கா."

கொஞ்சம் சுற்றுவான், மூச்சு வாங்குவான், மறுபடி சுற்றுவான். நான் கையை நீட்டினேன். தரவில்லை. சீனி இல்லாததால் பனங்கற்கண்டு போட்டிருந்தான். நன்னாரி வாடை அடுப்படிவரை வந்தது. நான் பாயாவைக் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஹஜ்ரத் வந்து உட்கார்ந்தார். தம்பி ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொண்டுவந்து இடியாப்பத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மஞ்சளும் பழுப்புமாக, லேசாகக் குளிர் புகைந்துகொண்டிருந்தது. பெண்கள் நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தோம். என் பக்கத்தில் அவன் மாமியார். ரயிலடியிலிருந்து நேராக வந்திருந்தார், கால் செருப்பில்லாமல் புழுதியாக இருந்தது. திரை இடுக்கு வழியே அவர் கண் கிண்ணத்தின்மேல் இருந்தது. அத்தாவுக்கு நன்னாரி ஆகாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அது யாருக்குப் பிடிக்கும் என்பதும் தெரியும்.

"அத்தா பேருக்குத்தானே? வேற யாரு பேரும் சேக்கணுமா?" என்றார் ஹஜ்ரத். ஓதுமுன் எல்லா வீட்டிலும் கேட்பதுதான்.

தம்பி கிண்ணத்தைத் துணியின் நடுவுக்கு நகர்த்தி வைத்தான். ஹஜ்ரத் காத்திருந்தார். கிண்ணத்தின் ஓரத்தில் ஐஸ் இளக ஆரம்பித்திருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாதான் பேசினார். மகளின் பெயரைச் சொன்னார். "எம் மக. அவ பேரையும் சேத்துக்கங்க" என்றார். குரல் உடையவில்லை.

ஹஜ்ரத் ஓத ஆரம்பித்தார். ஓதி முடிக்கும்வரை சாப்பாட்டை யாரும் தொடக்கூடாது. அன்றைக்குப் பார்த்து அவர் நிறுத்தி நிதானமாக ஓதினார். அவள் தின்ன ஆசைப்பட்ட பொருள் என் கண்ணெதிரே தண்ணீராகிக்கொண்டிருந்தது. ஆமீன் சொன்னபோது கிண்ணத்தில் வெறும் பால்தான் இருந்தது.

ஹஜ்ரத் போனபின் அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துப் பாதியைக் குடித்தார். மீதியைத் தம்பியிடம் நீட்டினார். அவன் வாங்கும்போது சட்டையில் சிந்தியது.

"எம்புட்டுத் தூரம் நடந்தா மாப்ள?" என்றார்.

"பாதிக்கு மேல நடந்துட்டா மாமி" என்றான்.

"அம்புட்டுத் தூரமா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தரையில் உட்கார்ந்தார். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக, வழியைச் சொல்ல ஆரம்பித்தான். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அந்த அம்மாவின் கால் புழுதியைக் கழுவிவிட்டேன்.