அழுகைப் பந்தயத்துக்குப் பட்டுச்சேலை

கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் என் வீட்டுக்காரர் டெக்னீசியன். ஆலைக்காரர்களின் குடும்பங்கள் இருந்த காம்பவுண்டில் ஒரு சின்ன கிளினிக். அதில் நான் நர்ஸ். முக்கால்வாசி நாள் ஊசி போடுவதே வேலை என்பதால் காம்பவுண்டுப் பிள்ளைகள் யாருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. நான் சிரித்தாலும் அழுவார்கள், முறைத்தாலும் அழுவார்கள்.

சத்தமாக அழாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். ஜப்பான்கார இன்ஜினியர் ஒருவரின் மகன். குறைமாதத்தில் பிறந்து, வெகுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன். ஒரு வயதை நெருங்கியும் அவனுக்கு அழுகை வெளியே வரவில்லை. என்னைக் கண்டதும் முகம் கோணும், உதடு பிதுங்கும். ஊசி இறங்கினால் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். நுரையீரலில் குறையில்லை என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அவன் அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். ஆனால் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். அவள் கிளினிக்குக்கு வந்து, வெள்ளிக்கிழமை எங்கள் விழா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றாள். என்ன விழா என்று கேட்டேன். இரண்டு கைக்குழந்தைகளை எதிரெதிரே பிடித்துக்கொண்டு அழவைப்பார்களாம். முதலில் அழுகிற பிள்ளைக்குத்தான் வெற்றி. வாய்விட்டு அழுத பிள்ளையைக் கெட்டது அண்டாது, நோய்நொடியில்லாமல் வளரும் என்பது அவர்கள் நம்பிக்கை. "டியூட்டி டிரஸ்லயே வாங்க சிஸ்டர்" என்று தன் அரைகுறை இங்கிலீஷில் இரண்டு தடவை சொன்னாள்.

வீட்டில் சொன்னபோது அவர் சோற்றில் கையை வைத்தபடியே சிரித்தார். "நம்ம ஊர்ல அழுத பிள்ளைக்கு முட்டாயி குடுத்து வாய மூடுவாவ. இங்க அழுதாத்தான் பரிசாக்கும்? நல்ல கூத்துதான், போ."

எனக்குச் சிரமம் வேண்டாமென்றுதான் டியூட்டி டிரஸ்ஸில் வரச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்காக, ஒருத்தர் விசேஷத்துக்கு நாம் யூனிஃபார்மிலா போய் நிற்போம்? திருவிழாவுக்கென்று வைத்திருந்த பட்டுச்சேலையைக் கட்டி, பவுடர் பூசி, பெரிய மனுஷியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் குனிந்து வணங்கி, முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

பாட்மின்டன் கூடத்தில் பாய் விரித்து, கயிற்றால் வட்டம் போட்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய தடித்தடியான இன்ஜினியர்கள் பிள்ளைகளைத் தூக்கிப் பிடிக்க, நடுவர் கையில் விசிறியோடு அவற்றின் முகத்துக்கு நேரே கத்தினார். கத்திய கத்தலில் ஒவ்வொன்றாக வீறிட்டன. ஒவ்வொரு வீறலுக்கும் கைதட்டல். எனக்குக் கை பரபரத்தது. எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கிவிடக் கூடாதே என்று சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இவன் முறை வந்தது. எதிரே இருந்த பெண்குழந்தை தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. இவனோ கத்துகிறவரை வேடிக்கை பார்த்தான். அரக்கன் முகமூடியோடு ஒருவர் வந்தார். இவன் அதன் மூக்கைப் பிடித்து இழுத்தான். கூட்டம் சிரித்தது. அவன் அம்மா சிரிக்கவில்லை.

நேரே என்னிடம் வந்தாள். "உங்களைப் பார்த்தா பயப்படுவான்னுதான் கூப்பிட்டேன் சிஸ்டர். இந்த டிரஸ்ல அவனுக்கு அடையாளம் தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. ஆக, பூச்சாண்டி காட்டத்தான் என்னை அழைத்திருக்கிறாள். நானும் மினுக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வாயைத் திறந்தேன்.

"பிறந்த அன்னைக்கும் அவன் அழல" என்றாள். "அவன் சத்தத்தை முழுசா ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கிளினிக் அடுத்த கட்டடம்தான். ஓடிப்போய், பட்டுக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டி, ஊசி வைக்கும் ஸ்டீல் தட்டையும் கையில் ஏந்திக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தேன். நடுவர் மரியாதையாக வழிவிட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். முகம் கோணியது, உதடு பிதுங்கியது. வழக்கமான முனகலோடு நின்றுவிடுமோ என்று தட்டை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினேன். மூச்சை உள்ளே இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். பிறகு கூடமே அதிரும்படி ஒரு வீறல். தூங்கிக்கொண்டிருந்த பெண்குழந்தையும் திடுக்கிட்டு விழித்து அழுதது. நடுவர் விசிறியை இவன் பக்கம் உயர்த்தினார்.

அவன் அம்மா ஓடிவந்து வாங்கினாள். சமாதானப்படுத்தவில்லை. அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே அவளும் அழுதாள். நான் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மெல்ல நகரப் பார்த்தேன். அவள் விடவில்லை. பிள்ளையை என் கையிலேயே கொடுத்தாள். என் முகத்தைக் கிட்டத்தில் கண்டதும் அவன் முன்னைவிட உரக்க அழுதான். ஒரு பிள்ளை என்னைக் கண்டு பயப்படுகிறதே என்று நான் மாதாவுக்கு நன்றி சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.